மூன்றே கால் கிலோ

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் முதல் மாடியில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் எடை இயந்திரம் அறுபது கிலோவை ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

அதைக் கண்டுபிடித்தவள் அந்தக் கூடத்தில் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எடை அளவைத் துறையில் அவள் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதும், சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லையென்றால் பூட்டி வைப்பதும் வேலை. பதினோரு வருடம் இருபது கிலோ எடைக்கற்களை வண்டியிலிருந்து இறக்கி ஏற்றியதில் இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. "மாத்திரை வேண்டாம், ஒழுங்காகத் தூக்கக் கத்துக்கோங்க" என்று மருத்துவர் அனுப்பியதால் வந்திருந்தாள். உடம்பைக் குறைக்க இல்லை... அதைப் படியேறும்போதே இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கூடத்தை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குட்டை முடி, கணீர்க் குரல். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. வெயிட் எழுதணும்" என்றார் மாஸ்டர்.

அவள் ஏறவில்லை. குனிந்து இயந்திரத்தின் பக்கவாட்டைப் பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள்.

"இதுக்கு முத்திரை எங்க?"

"முத்திரையா... இது என்ன, தபாலா?"

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து இயந்திரத்தின் மேல் ஏறினான். பெரிய உடம்பு. கைகளில் கிரீஸ் கறை சோப்புக்கும் போகாமல் ரேகைகளில் தங்கியிருந்தது. முள் ஆடி நின்றதும் அவன் முகம் மலர்ந்தது. மலர்ச்சி முதலில் கண்ணுக்குத்தான் வந்தது, உதட்டுக்கு அப்புறம்தான் வந்தது. அவள் அதைக் கவனித்தாள். கவனிப்பது அவள் தொழில், வேறொன்றும் இல்லை.

"மாஸ்டர்... தொண்ணூத்தி நாலு."

"இல்லை" என்றாள் அவள்.

அவன் திரும்பினான். "என்ன இல்லை?"

"தொண்ணூத்தி நாலு இல்லை. கூட இருப்பீங்க. ஸ்பிரிங் சரியில்லை."

"நீங்க யாருங்க? பார்வையிலேயே எடை போடுவீங்களா?"

"பார்வையில போட மாட்டேன். கீழ வண்டியில எடைக்கல் இருக்கு. கொண்டு வந்து காட்டறேன்." சொல்லிவிட்டுத்தான் இடுப்பின் நினைவு வந்தது. கை தானாக அங்கே போயிற்று.

அவன் அதைப் பார்த்துவிட்டான். "இருங்க. நானே எடுத்துட்டு வரேன்" என்று வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். இரண்டு கல்லை இரண்டு கையில் ஒரு நடை, மூன்றாவதை இன்னொரு நடை. தனக்கு எதிரான சாட்சியைத் தானே சுமந்து கொண்டு வந்து மேடையில் அடுக்கினான்.

மூன்று கல். அறுபது கிலோ. முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"அறுபதுக்கு ரெண்டு கிலோ திருடுது. தொண்ணூத்தி நாலுக்குக் கணக்குப் பண்ணினா..." அவள் ஒரு நொடி மேலே பார்த்தாள். "மூணே கால். நீங்க தொண்ணூத்தி ஏழு கிலோ இருநூறு கிராம்."

மலர்ந்திருந்த முகம் அணைந்தது. அவள் எத்தனையோ கடைக்காரர்களின் முகம் இப்படி மாறுவதைப் பார்த்திருக்கிறாள். அவர்களெல்லாம் கோபப்படுவார்கள், கத்துவார்கள். இவன் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தான்.

"ரொம்ப நன்றிங்க. காலங்காத்தால நல்ல சேதி சொன்னீங்க" என்றான் தரையைப் பார்த்து.

அவன் குளிக்கப் போன பிறகு மாஸ்டர் அவளைப் பக்கத்தில் இழுத்தார். "லிஃப்ட் மெக்கானிக், பாவம். அவன் அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. இவன்தான் ஒண்ணு குடுக்கப் போறான். எண்பத்தெட்டு கிலோவுக்கு மேல இருந்தா ஆபரேஷன் பண்ண மாட்டோம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. ஜூன் இருபதாம் தேதி எடை பார்ப்பாங்க. இருபத்தி நாலு ஆபரேஷன். தவறினா அடுத்த தேதிக்கு மாசக்கணக்காகும். அந்தப் பொண்ணுக்குக் கையில ஊசி குத்தவே இடமில்லையாம். ஆறு கிலோதான் பாக்கின்னு வீட்ல சொல்லி வச்சிருந்தான்..."

இப்போது பாக்கி ஒன்பதேகால்.

அவள் அந்த இயந்திரத்தைப் பூட்டி, நூல் கட்டி, ஈயமுத்திரை வைத்தாள். வேலை சரியாகத்தான் செய்திருந்தாள். ஆனாலும் அன்று முழுவதும், மொத்தச் சந்தையில் தராசு தராசாகக் கல் வைக்கும்போதெல்லாம், அந்தக் கண்கள் அணைந்த விதம் வந்து வந்து நின்றது.

மறுநாள் அவன் வருவானா என்று பார்க்கத்தான் அவள் சீக்கிரம் வந்தாள். வந்திருந்தான். ஆனால் முகம் கொடுக்கவில்லை.

அவளே போய் நின்றாள். "ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேளுங்க. நீங்க கேட்காட்டியும் கண்டுபிடிச்சிடுவீங்க."

"ஆஸ்பத்திரியில முதல்ல எடை பார்த்திருப்பாங்களே. இங்க காட்டினதுக்கும் அங்க காட்டினதுக்கும் மூணு கிலோ வித்தியாசம் வந்திருக்குமே. அப்பவே தோணலையா?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "தோணிச்சு. வேலை பாதியில ஓடினேன். இடுப்புல ஸ்பேனர் பெல்ட்டோடயே ஏறினேன். வித்தியாசம் அத்தனையும் பெல்ட்டோடதுன்னு நினைச்சுட்டேன்."

"பெல்ட் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் கைத்தராசை எடுத்து, அதன் கொக்கியில் பெல்ட்டை மாட்டித் தூக்கினாள். "ஒரு கிலோ நானூறு."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "கைப்பையிலயே தராசு வச்சிருப்பீங்களா மேடம்? சீப்பு, கண்ணாடி எல்லாம் வைக்க இடம் இருக்கா?"

"சீப்பு முப்பது கிராம். இடம் இருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் இருவருக்கும் முறைத்துக்கொள்ள முடியவில்லை.

மாஸ்டர் அவர்களை ஜோடி சேர்த்துவிட்டார். தூக்கும்போது ஒருவருக்கு ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் விதி. கம்பியைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகு வளையாமல், இடுப்பைப் பின்னால் தள்ளி, காலால் தரையை மிதித்து எழ வேண்டும். அவளுக்கு முதல் வாரம் அது வரவே இல்லை.

"மேடம், முதுகு" என்பான் அவன் பின்னாலிருந்து. "லிஃப்ட் கயிறு மாதிரி நேரா இருக்கணும்."

"நீங்க மூச்சை விடுங்க முதல்ல. நான் தூக்குறேன், நீங்க எதுக்கு மூச்சைப் பிடிக்கிறீங்க?"

உண்மையிலேயே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவள் தூக்கி வைத்த பிறகுதான் விட்டான். அதை அவள் கண்ணாடியில் பார்த்தாள்... பார்த்ததைச் சொல்லவில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அவனுக்குச் சொன்னது எளிது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முட்டையோ பருப்போ மீனோ, மீதிக் கால்தான் சோறு அல்லது ரொட்டி. சர்க்கரை கிடையாது. பட்டினியும் கிடையாது. ஏனென்றால் எடை மட்டும் இறங்கினால் போதாது, ரத்தமும் தசையும் கெட்டுப்போனால் அதற்காகவும் திருப்பி அனுப்புவார்கள். மதியம் சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்து இருவரும் அனுப்பிக்கொள்ள வேண்டும்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இது? நீங்க குறைக்க வரலையே" என்று கேட்டான்.

"துணைக்கு" என்றாள் சட்டென்று. அது பாதி உண்மைதான்.

ஏப்ரல் முழுவதும் மதியம் ஒரு மணிக்கு அவள் மேசையில் கைபேசி ஒரு முறை துடிக்கும். வெள்ளரிக்காய், வேகவைத்த பயறு, இரண்டு முட்டை. பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒரு லிஃப்டின் இரும்புக் கதவு.

'வெள்ளரிக்காய் எத்தனை கிராம்?' என்று இவள் எழுதுவாள்.

'சாப்பிட்டாச்சு மேடம். இனி என்னைத்தான் நிறுத்தணும்.'

'இன்னிக்கு எத்தனை மாடி?'

'பதினாலு. ரெண்டு தடவை. லிஃப்டுக்காரன் படியேறுறதைப் பார்த்து குடியிருக்கிறவங்க பயந்துட்டாங்க. கயிறு அறுந்துடுச்சான்னு கேக்கறாங்க.'

அவளுக்கு அந்தத் தொழில்மேல் விநோதமான ஒரு ஆர்வம் பிறந்தது. ஒரு நாள் அவள் அலுவலகக் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க அவனே வந்தான். உள்ளே ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினான். எட்டு பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ.

"ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டுன்னு கணக்கு" என்றான். "லிஃப்டைப் பொறுத்தவரை நான் ஒருத்தன் இல்லை, ஒண்ணரை பேர்."

"மேலேர்ந்து கயிறு இவ்வளவு எடையையும் இழுக்குதா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அந்தப் பக்கம் ஒரு கவுண்டர் வெயிட் தொங்கும் மேடம், கண்ணுக்குத் தெரியாது. இது ஏறும்போது அது இறங்கும். இது இறங்கும்போது அது ஏறும். அது இருக்கறதாலதான் மோட்டாருக்குப் பாதி வேலை."

"இது எவ்வளவு எடையோ அதே எடை இருக்குமா?"

"இல்லை. காலி லிஃப்டோட எடை, அதோட ஏறப்போற ஆட்கள்ல பாதி. மீதிப் பாதியை மோட்டார் பார்த்துக்கும்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "யாரு ஏறுவாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே பாதியை வாங்கி வச்சுக்கும்."

அவள் ஏதோ எழுத வேண்டும் போலத் தன் குறிப்பேட்டைத் திறந்தாள். எதுவும் எழுதவில்லை. வெளியே பருவம் தப்பிய மழை ஒன்று ஜன்னல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் கண் இமைகளில் சுவரின் வெள்ளைத்தூள் படிந்திருந்தது. துடைத்துவிட வேண்டும் என்று ஒரு விரல் நினைத்தது... அந்த விரலை அவள் மற்ற நான்கோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

மே மாதம் இருபதாம் தேதி எண்பத்தொன்பது கிலோ அறுநூறு. பழுது நீக்கி, புது ஸ்பிரிங் போட்டு, அவள் கையாலேயே முத்திரை குத்திய இயந்திரத்தில். எல்லோரும் கை தட்டினார்கள். ஜூன் நான்காம் தேதியும் அதே எண்பத்தொன்பது அறுநூறு.

தட்டின் படங்கள் தவறாமல் வந்தன. பாதி காய்கறி, கால் பருப்பு. ஆனால் அவன் தூக்கும் எடை குறைந்துகொண்டே வந்தது. உதடு வெளுத்திருந்தது. எடை நிற்கிறது, பலம் இறங்குகிறது. அந்தக் கணக்கு அவளுக்கு இடித்தது.

ஜூன் ஐந்தாம் தேதி முற்பகல் ஒரு பெண் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். மெலிந்த உருவம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பஞ்சு ஒட்டிய கை, துணிப்பையில் ஒரு சிறிய எடை இயந்திரம்.

"டயாலிசிஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் எடை பார்க்கணும்மா. உடம்புல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு அதை வச்சுத்தான் சொல்வாங்க. இது சரியா காட்டுதான்னு பார்த்துத் தருவீங்களா? என் தம்பி உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பான்."

அக்கா. கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. அதே கண்.

கல் வைத்துச் சோதித்தாள். ஐம்பது கிராம் வித்தியாசம். "நல்ல மெஷின்கா. கவலைப்படாம வச்சுக்கோங்க."

அக்கா உடனே எழவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். அவன் மத்தியானம் நல்லா சாப்பிடறானாம்மா? ராத்திரி வீட்ல ஒண்ணும் தொடறதில்லை. கேட்டா, மத்தியானமே வயிறு நிறைஞ்சிடுச்சு, மேடத்துக்குப் போட்டோகூட அனுப்பிட்டேன்ங்கறான். நேத்து படியில கண்ணைக் கட்டிட்டு உட்கார்ந்துட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்துட்டான்..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருட அனுபவத்தில், கல்லை ஒரு தட்டில் வைத்துக் காட்டிவிட்டு இன்னொரு தராசில் நிறுப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அக்கா வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவனுக்கு நீங்கன்னா... சரி விடுங்க. ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவ வருவான்னு அவனே சொல்லிட்டுத் திரியறான். நான் பிழைக்கறதுக்காக அவன் தனியா நிக்கணும்னா அந்தக் கிட்னி எனக்கு எதுக்கு? இதைச் சொன்னா என்கூட சண்டைக்கு வரான்."

மறுநாள் காலை அவன் வந்ததும் அவள் பயிற்சியைத் தொடங்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"நேத்து மத்தியானம் அனுப்பின தட்டை யார் சாப்பிட்டது?"

அவன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். "மேடம்..."

"யாரு?"

"இப்ப வேலை நடக்கற கட்டடத்து வாட்ச்மேன்."

"முந்தாநாள்?"

"அவரேதான்."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

"வாட்ச்மேனுக்கு எத்தனை கிலோ ஏறிச்சு?"

"ரெண்டு இருக்கும். பேன்ட் பத்தலைன்னார்."

மூலையில் யாரோ இருமினார்கள். மாஸ்டர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவள் கோபம் மெல்லிய குரலில் வந்தது.

"பொய் எடை போடறவங்க யாரையோ ஏமாத்தறாங்க, சரி. நீங்க யாரை ஏமாத்தறீங்க? ரத்தம் குறைஞ்சா அதுக்கும் திருப்பி அனுப்புவாங்கன்னு தெரியும்ல? எண்பத்தி ஏழு கிலோ எலும்பைக் கொண்டு போய் நிறுத்தினா, அக்காவுக்கு என்ன கிடைக்கும்?"

"முள்ளு அசையவே இல்லை மேடம். ரெண்டு வாரமா அதே நம்பர். நீங்க சொல்ற மாதிரி சாப்பிட்டுக்கிட்டே இருந்தா எப்ப இறங்கும்? அவ கையைப் பார்த்தீங்களா? எனக்கு அதைப் பார்த்துட்டு சோறு இறங்குமா?" அவன் குரல் உடைந்து, பிறகு முறுக்கிக்கொண்டது. "பரிதாபப்பட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நீங்க மட்டும் என்ன? மூணு மாசமா தினமும் வரீங்க. ஒரு நாளாவது இந்த மெஷின்ல ஏறினீங்களா? ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் நிறுப்பீங்க. உங்களை மட்டும் நிறுத்துக்க மாட்டீங்க."

பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கம்பியைக் கீழே வைத்தார்கள்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் மாஸ்டரும் நினைத்தார். அவளும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள்.

"ஸ்கூல்ல ஆறாம் வகுப்புல உடம்பு செக்கப் வச்சாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "வரிசையா ஏத்தி, டீச்சர் நம்பரைச் சத்தமாப் படிப்பாங்க. இன்னொருத்தர் எழுதணும்ல, அதுக்காக. என் நம்பரைப் படிச்சதும் அவங்களுக்கே நம்பிக்கை இல்லை. இறங்கி மறுபடி ஏறச் சொன்னாங்க. மறுபடி சத்தமா. அந்த நம்பரே எனக்குப் பட்டப்பேரா ஆயிடுச்சு, ரெண்டு வருஷம். அப்புறம் நான் ஏறலை. பதினோரு வருஷத்துல எத்தனை தராசு பார்த்திருப்பேன்... எதுலயும் ஏறலை."

செருப்பைக் கழற்றினாள். மேடையில் ஏறினாள். முள் ஆடியது. ஆடி, ஆடி, நின்றது.

"எழுபத்தெட்டு கிலோ நானூறு" என்றாள் அவளே சத்தமாக.

'அவ்வளவுதானா' என்று அவன் சொல்லவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இறங்கிப் போயிருப்பாள். அவன் தன் பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்தான்.

"எழுதலாமா?"

"எழுதுங்க."

தன் எடைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் அவள் எடையை எழுதினான்.

"இனிமே ரெண்டு பேரும் எதிர் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுவோம். போட்டோ எல்லாம் வேண்டாம். என் கண்ணு முன்னாடி சாப்பிடணும்" என்றாள் அவள்.

"உங்க ஆபீஸ் எங்கயோ, நான் எந்தக் கட்டடத்து உச்சியிலயோ..."

"வாட்ச்மேன் எங்க இருக்காரோ அங்க வரேன்."

அவன் சிரித்தான். அப்புறம் அழுதான். மாஸ்டர் ஒரு துண்டை எறிந்தார். "வேர்வையைத் தொடச்சுக்கோ தம்பி" என்றார், வேர்வையே இல்லாத அவனைப் பார்த்து.

அடுத்த இரண்டு வாரமும் ஏதாவது ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அவன் முட்டையை முழுங்கி முடிக்கும்வரை அவள் தன் டப்பாவை மூட மாட்டாள். நான்காம் நாள் அவன் உதட்டில் நிறம் திரும்பியது. ஏழாம் நாள் பழைய எடையைத் தூக்கினான். ஒன்பதாம் நாள், எதிர்பாராமல், முள் அசைந்தது.

அவள் வீட்டில் அம்மாவுக்கு விஷயம் எட்டியது. அம்மா ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவரிடம் எதையும் மூடி மறைக்க முடியாது, மகளும் மறைக்கவில்லை.

"பையன் நல்லவன்தான். அதுல எனக்குச் சந்தேகமில்லை" என்றார் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. "முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். ஒரு கிட்னியோட தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கலாம், தெரியும். ஆனா அந்த ஒண்ணுக்கு ஏதாவது வந்தா? அப்ப யாரு ஆஸ்பத்திரி வராண்டால உட்காருவா? நீதானே. அந்த வராண்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. உன்னை அங்க உட்கார வைக்க எனக்கு மனசில்லை."

"அப்பாவுக்கு ரெண்டும் இருந்துச்சேம்மா."

கத்தி நின்றது. அப்பா மாரடைப்பில் போனது நாற்பத்தாறு வயதில். அம்மா அன்று பணியில் இருந்தார், அதே வராண்டாவில்.

அம்மா மறுபடி நறுக்கத் தொடங்கினார். "உப்பு குறைச்சுச் சாப்பிடுவானா?"

"உப்பே போட மாட்டான்."

"அது நல்லதில்லை. கொஞ்சம் போடணும். வந்தா சொல்லு, நான் பேசறேன்."

ஜூன் இருபதாம் தேதி காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அவன் பெல்ட், பூட்ஸ், சாவி எல்லாவற்றையும் அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது. அவள் மேற்கூரைப் பலகைகளை எண்ணினாள், தரை ஓடுகளை எண்ணினாள். அந்த அறையின் எடை இயந்திரத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாதது அதுதான் முதல் முறை.

வெளியே வந்தவன் சொன்னான்: "எண்பத்தி ஏழு அறுநூறு. ரத்தமும் சரியா இருக்காம். கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அவள் தலையாட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் வாகன நிறுத்தத்தின் தகரக் கூரைக்கு ஓடி நின்றார்கள். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் வந்துதான் பேச வேண்டியிருந்தது. அவன் முடியிலிருந்து ஒரு துளி இமைக்கு இறங்கி, அங்கே தயங்கி நின்றது. இந்த முறை அவள் விரலை மூடிக்கொள்ளவில்லை... துடைத்துவிட்டாள்.

அவன் அசையாமல் நின்றான். "மேடம்... இதெல்லாம் ஆபரேஷன் முடியட்டும். அதுக்கப்புறம் உடம்பு எப்படி இருக்கும்னு பார்த்துட்டு..."

"அதுக்கப்புறம் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. தியாகம் பண்ணினவன்னு பரிதாபப்பட்டுச் சொல்றேன்னு நினைப்பீங்க. அதனால ரெண்டு கிட்னியும் உள்ள இருக்கும்போதே சொல்லிடறேன்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்ககூட இருக்கணும்னு இருக்கு. ஒண்ணு இருந்தாலும் சரி, ரெண்டு இருந்தாலும் சரி."

மழைக்குள் யாரோ குடையோடு ஓடினார்கள். அவன் அந்தக் குடை மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"இவ்வளவு நேரமா என்ன யோசனை?" என்றாள்.

"எப்படிச் சொல்றதுன்னு..." அவன் கண்ணுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "காலையில எழுந்ததும் இன்னிக்கு உங்ககிட்ட என்ன சொல்லலாம்னுதான் யோசிப்பேன். வழியில ஒரு நாய் தும்மினாக்கூட, இதைச் சொல்லணும்னு முடிஞ்சு வச்சுக்குவேன். ஞாயித்துக்கிழமை கூடம் லீவு இல்லையா, அந்த நாள் ஏன்தான் வருதுன்னு இருக்கும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். எப்பலேர்ந்துன்னு கேக்காதீங்க. தேதி, நேரம் எல்லாம் கேப்பீங்கன்னு தெரியும்."

"கேக்கத்தான் போறேன்."

"மழை விடட்டும், சொல்றேன்."

மழை விட முக்கால் மணி நேரமாயிற்று. அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

அறுவை சிகிச்சை ஜூன் இருபத்து நான்காம் தேதி காலை ஏழரைக்குத் தொடங்கி, பிற்பகல் ஒன்றே காலுக்கு முடிந்தது. அக்காவின் உடல் சிறுநீரகத்தை ஏற்றுக்கொண்டது. ஆறாம் நாள் தம்பி வீடு திரும்பினான், பதினான்காம் நாள் அக்கா. அக்டோபர் ஒன்பதாம் தேதி லிஃப்ட் மெக்கானிக்கும் முத்திரை ஆய்வாளரும் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டார்கள். சாட்சிக் கையெழுத்து அக்காவும் அம்மாவும்.